அம்மா பிடிக்கச் சொன்ன மூச்சு

எக்ஸ்ரே அறையில் அந்தப் பெண், “மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க” என்றதும் உத்திரமேரூர் ஏரிக்கரைப் புழுதி மூக்கில் ஏறியது.

நான் சிறுவனாக இருந்தபோது, நாற்று நட்ட சேறு காலில் காயுமுன் அம்மா சடுகுடு பார்க்க ஓடி வந்து, ஆண்களுக்கு நடுவே உட்காருவாள். ஒருநாள் ஆட்டத்தில் எங்கள் அணியில் நான் ஒருவன்தான் மிச்சம். கூச்சத்தில், மூச்சு விடாமல் பாட வேண்டிய சடுகுடுப் பாட்டே எழும்பவில்லை.

“பொம்பளைக்கு இன்னாமே ஆட்டம்? புள்ளைய இட்டுக்கினு வூட்டுக்குப் போ” என்றார் ஒருவர்.

“நீ போயி சோறு ஆக்கு நைனா” என்ற அம்மா, என்னைப் பார்த்துக் கத்தினாள்: “கூட்டத்த ஏண்டா பாக்கற? கோட்டப் பாரு. மூச்ச வுடாத.”

மூன்று பேர் காலைப் பிடித்து இழுத்தும் பாட்டை விடாமல் கோட்டைத் தொட்டேன். அம்மா போட்ட கூச்சலில் கரையில் மேய்ந்த மாடுகள் மிரண்டன.

“முடிஞ்சுது, மூச்சை விடுங்க ஐயா” என்றாள் அந்தப் பெண். நான் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன்.