சானடோரியம் ஓடும்

“பெருங்களத்தூர் சரியில்ல” என்று முணுமுணுத்துக்கொண்டே ஜெபசீலன் கணினியை அணைத்து மறுபடி போடுகிறார். செம்பாக்கம் ஏரிப் பக்கத்துத் தெருவுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. பால் வாங்கப் போன இடத்திலும், “குரோம்பேட்டையில சத்தமே வரல, பல்லாவரத்துல வைஃபை போச்சு” என்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் ஆளை ரயில்வேக்காரர் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மனிதர் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர்.

விஷயம் லினக்ஸ், விண்டோஸ் மாதிரிக் கணினியை ஓட்டுகிற இன்னொரு மென்பொருள். அதில் கர்னல் என்று ஒரு கோப்பு உண்டு. கணினியை எழுப்பி நடத்துவது அதுதான். அதைப் புதிது புதிதாக வீட்டிலேயே கட்டிப் பார்ப்பது இவருக்குப் பைத்தியம். ஊர் உலகம் அதன் ஒவ்வொரு புதுப் பதிப்புக்கும் எண் வைக்கிறது. இவர் மின்ரயில் ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக வைக்கிறார். “நம்பர் யாருக்கு ஞாபகம் இருக்கும்? ஸ்டேஷன்னா இறங்குன இடம் மறக்காது.” கணினி கண் விழித்ததும் எதைத் தொடங்க என்று கேட்கும் பட்டியலையும் கையாலேயே எழுதுவார். தானாக எழுதித் தரும் வசதி இருக்கிறது. “அது எழுதுனா அப்புறம் எனக்கென்ன வேலை?” என்பார். அந்தப் பட்டியலின் கடைசி வரி மட்டும் மனைவி மெட்டில்டாவின் விண்டோஸ்.

மெட்டில்டா கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றதிலிருந்து வீடு அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஆன்லைனில் பாடம் நடத்தும் நிறுவனம் ஒன்று சனிக்கிழமை மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தது, பிடித்துப்போனால் வேலை. “அது வரைக்கும் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சியும் வைத்திருந்தார். தலையை ஆட்டியவருக்குக் கை சும்மா இருக்குமா? வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். சனிக்கிழமை காலையிலேயே வண்டலூரைச் சேர்த்துப் பட்டியலைப் புதிதாக எழுதினார்.

மெட்டில்டா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரையில் வண்டலூர், பெருங்களத்தூர், சானடோரியம். அவ்வளவுதான்.

“என் விண்டோஸ் எங்கங்க?”

“உள்ள பத்திரமா இருக்கு. பட்டியல்ல அந்த வரியை எழுதாம விட்டுட்டேன்மா. ரெண்டே நிமிஷம்...”

“உங்க ரெண்டு நிமிஷத்துல செங்கல்பட்டு போயிட்டுத் திரும்பிடலாம். ஐயோ ஆண்டவரே, இப்பக் கூப்பிடுவாங்களே!” அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெபசீலனின் முகம் செத்துப்போயிற்று.

“சரி, இதுல எது நிக்காம ஓடும்? அதைச் சொல்லுங்க” என்றார் மெட்டில்டா.

வண்டலூர் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். “சானடோரியம்” என்றார், குரல் இறங்கி. “பழசு. ஆனா கேமரா, மைக் எல்லாம் வரும்.”

“அது போதும்.”

வந்தது. அழைப்பும் வந்தது. பின்னங்களைக் கூட்டுவது பாடம். ஆரம்பத்தில் தடுமாறிய மெட்டில்டாவின் குரல், கொஞ்ச நேரத்தில் கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற பழைய கணீருக்கு வந்துவிட்டது. எதிர்முனையில் இருந்த நிறுவனத்து அம்மாள் எதையோ குறித்துக்கொண்டு சிரித்தாள். கேமராவில் விழாதபடி பக்கத்து ஸ்டூலில் ஒடுங்கியிருந்த ஜெபசீலனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

திரையின் மூலையில் சின்னதாக ஒரு பெட்டி முளைத்தது. புதிய கர்னல் வந்திருக்கிறதாம். வண்டலூருக்கு அடுத்த ஸ்டேஷன் ஊரப்பாக்கம்! அவர் கை மெல்ல, மிக மெல்ல, மவுஸ் பக்கம் ஊர்ந்தது.

“அதனால கீழ இருக்கிற ரெண்டு எண்ணையும் முதல்ல சமமாக்கிக்கணும்” என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே, மெட்டில்டா இடது கையால் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்தி வைத்துக்கொண்டார். வகுப்பு முடியும்வரை விடவில்லை.