அல்லித் தொட்டிக்குப் போட்ட ஹீட்டர்

மெல்பர்ன் நகரத்து ஸ்பிரிங்வேலில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் ஹாலில் ஓர் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கார அங்கிளுக்கு நுரையீரல் கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. மூக்கில் மாட்டிய குழாய் எவ்வளவு தூரம் எட்டுமோ அவ்வளவுதான் அவருடைய நடமாட்டம். கட்டில், கதிரை, கழிவறை, குசினி வாசல் வரை. மெஷின் சத்தம் முதல் வாரம் என்னைத் தூங்க விடவில்லை. பிறகு அது காதில் விழுவதே நின்றுபோனது. ஆனால் ஒரு நொடி அது நின்றால் வீட்டில் எல்லோரும் தலையை நிமிர்த்துவோம்.

இது 2011 குளிர்காலத்தில் நடந்தது. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. திருச்சியிலிருந்து தனியாக வந்து, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மதிய ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்ரியும் அங்கிளும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நாற்காலியைக் கதிரை, சமையலறையைக் குசினி என்று நானும் சொல்லப் பழகியிருந்தேன். பிள்ளைகள் சிட்னியில். காரை விற்றுவிட்டதால் பின்பக்கத்து கராஜ் காலியாகக் கிடந்தது. செடி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக வையுங்கள் என்றார் அன்ரி.

செடி என்றால் நீல அல்லி. வெப்ப நாட்டு வகை. அதற்கு முந்தைய வருடம் வாரச்சந்தையில் ஒரு தொட்டி வாங்கியபோது, மெல்பர்ன் குளிரில் இது பிழைக்காது, ஒரு கோடைக்கு அழகு பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுங்கள் என்று விற்றவர் சொன்னார். அப்படியேதான் ஆனது. அங்கே குளிர் தொடங்கும் ஜூனில் இலைகள் சளி மாதிரி கரைந்தன. கிழங்கை அழுத்திப் பார்த்தால் அழுகின உருளைக்கிழங்கு. எனக்கு அந்தத் தோல்வி பொறுக்கவில்லை. பாக்டீரியாவையே குறித்த சூட்டில் வளர்த்து எடுப்பது என் வேலை. ஒரு செடியைக் காப்பாற்ற முடியாதா?

அடுத்த கோடையில் மறுபடி வாங்கினேன். இந்த வகைக்கு ஒரு குணம் உண்டு. இலையும் தண்டும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு முடிச்சு விழும். அதிலிருந்து குட்டிச் செடி கிளம்பும். தாய் இலை தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்போதே அதன் நடுவில் நகக்கண் அளவு இலைகள் விரியும். அந்த இலைகளைத் தண்டோடு நறுக்கி, தயிர் டப்பாக்களில் களிமண் நிரப்பி, முடிச்சு மண்ணில் படும்படி ஒரு கல்லை வைத்து அழுத்தி, தண்ணீருக்குள் இறக்கினேன். இரண்டு வாரத்தில் வேர் பிடித்தது. ஏழில் ஒன்று போனது. மிச்சம் ஆறு.

குளிர் தொடங்கியதும் ஆறையும் கராஜில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றினேன். மேலே டியூப் லைட். தண்ணீருக்குள் மீன்தொட்டிக்குப் போடும் கண்ணாடி ஹீட்டர். வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை தெர்மாமீட்டர் பார்ப்பேன். இருபத்தைந்துக்குக் குறைய விடவில்லை. ஹீட்டர் போட்டதை மட்டும் அன்ரியிடம் சொல்லவில்லை. வாடகையில் கரண்டும் சேர்த்தி. கேட்டால் வேண்டாம் என்பாரோ என்ற பயம்.

ஜூலையில் ஒரு ஞாயிறு காலை அன்ரி டோஸ்டரில் பாண் வைத்த நேரம் கரண்ட் போனது. மெஷினின் எச்சரிக்கை மணி நீளமாகக் கூவியது. அன்ரி ஓடவில்லை. பழகின கையால் பக்கத்திலிருந்த சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டு, வெளியே மீட்டர் பெட்டிக்குப் போய் கரண்ட் கசிந்தால் தானாக விழும் சேஃப்டி சுவிட்சை மேலே தள்ளினார். டோஸ்டர் பழசு என்று பேசிக்கொண்டோம். புதன்கிழமை திரும்பவும் விழுந்தது. அப்போது டோஸ்டரை யாரும் தொடவில்லை. வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஹீட்டர் ஞாபகம் வந்தது. கராஜுக்குப் போய் அதைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிக்கு உள்பக்கம் பொடிப்பொடியாக நீர்த்துளிகள். உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தது. வேலையிடத்தில் இப்படி ஒரு கருவியைப் பார்த்தால் இரண்டாம் யோசனை இல்லாமல் குப்பையில் போட்டிருப்பேன். இங்கே தொட்டிக்குள் ஆறு செடிகளும் விரிந்து கிடந்தன. பெரியதன் இலை உள்ளங்கை அகலம் வந்திருந்தது. வெளியே மூன்று டிகிரி. சனிக்கிழமை புதியது வாங்கிவிடலாம், மூன்று நாள்தானே என்று அதைத் திரும்பத் தண்ணீரில் இறக்கினேன். அந்தக் கணம் என் கை என்ன செய்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குச் சற்று முன் அன்ரி மீன் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். பிறகு நானும் வேலைக்குக் கிளம்பி ஸ்டேஷன் வரை போய்விட்டேன். வேலையிடத்துக் கதவு அட்டை பையில் இல்லை. திரும்பி வந்தேன். கேட்டைத் திறக்கும்போதே அந்தக் கூவல் கேட்டது.

அங்கிள் கதிரையின் நுனியில், முழங்கால் இரண்டிலும் கையை ஊன்றிக் குனிந்திருந்தார். உதடு சாம்பல் நிறம். சிலிண்டரின் குழாயை எப்படியோ மூக்கில் மாட்டிவிட்டார். ஆனால் வால்வைத் திறக்கும் சாவி கைதவறி சோஃபாவுக்கு அடியில் போயிருந்தது. குனிந்து எடுக்க அவரால் முடியவில்லை. நான் தரையில் படுத்துக் கையை நீட்டி எடுத்தேன். திறந்தேன். காற்று சீறும் சத்தம் வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் மீட்டரைப் போட்டுப் பார்த்தபோது எழுபத்தொன்பது. எண்பத்து மூன்று. அதிலேயே நின்றது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடி இறுகிக்கொண்டே போனது. எண்பத்தெட்டு. தொண்ணூறு வருவதற்குள் எத்தனை நிமிடம் ஆனது என்று தெரியாது.

அவர் தலையசைத்ததும் மீட்டர் பெட்டிக்கு ஓடினேன். சுவிட்சைத் தள்ளினேன், விழுந்தது. திரும்பத் தள்ளினேன், விழுந்தது. பின்பக்கம் ஓடிப்போய் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு வந்து தள்ளினேன். நின்றது. ஹாலில் மெஷின் ஓட ஆரம்பித்தது.

அன்ரி வந்ததும் நடந்ததைச் சொன்னேன், ஒன்றை மட்டும் விட்டுவிட்டு. அவர் மீன் பையைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். நீங்கள் திரும்பி வந்தது கடவுள் செயல் பிள்ளை என்றார். அன்று வேலைக்கு விடுப்புச் சொன்னேன். என் அறையில் உட்கார்ந்திருந்தபோது, அவர் சிட்னிக்கும் கனடாவுக்கும் போனில் நான் அங்கிளைக் காப்பாற்றிய கதையைச் சொல்வது சுவர் வழியாகக் கேட்டது.

திங்கட்கிழமை எலக்ட்ரீசியன் வந்தார். அதற்கு முன்பே ஹீட்டரைத் துண்டில் சுற்றி என் அலமாரியில் வைத்துவிட்டேன். அவர் ஒவ்வொரு பாயின்ட்டாகச் சோதித்துவிட்டு, வயரிங் நன்றாக இருக்கிறது, கசிவுள்ள ஏதோ ஒரு பொருள் மாட்டப்பட்டிருந்தது, இப்போது மாட்டப்படவில்லை என்றார். அன்ரி என் பக்கம் திரும்பினார்.

“கராஜில ஏதும் கொழுவி வச்சிருக்கிறீங்களோ பிள்ளை?”

“லைட் மட்டும்தான் அன்ரி.”

எலக்ட்ரீசியன் போய் லைட்டைப் பார்த்தார். அதில் குறையில்லை என்றார். கதிரையிலிருந்து அங்கிள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்துகொண்டேன்.

அந்த வாரம் அந்த வீடு மாறிப்போனது. டோஸ்டர் குப்பைக்குப் போனது. வாஷிங் மெஷினைப் போட அன்ரிக்குப் பயம். குளிர்ந்த தண்ணீரில் கையால் துவைத்தார். கெட்டிலைத் தொடவில்லை, தேத்தண்ணிக்குக் காஸ் அடுப்பில் தண்ணீர் வைத்தார். வெளியே போவதே இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, வால்வுச் சாவியை நூலில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இனி சுவிட்ச் விழாது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கராஜில் தண்ணீர் பன்னிரண்டு டிகிரிக்கு இறங்கியிருந்தது. இலைகளின் ஓரம் பழுக்க ஆரம்பித்தது. நான் அதைப் பார்க்கப் போவதையும் குறைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை குசினியில் அன்ரி சொன்னார்: “நாளைக்கு ஒரு மணித்தியாலம் நீங்கள் அவரோட இருப்பீங்களோ? மருந்து எடுக்க வேணும். உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போகலாம்.”

கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தேன்.

“அன்ரி, டோஸ்டர் இல்ல. என்னோட ஹீட்டர்தான். செடிக்குப் போட்டிருந்தேன். போன வாரம் புதன்கிழமையே எனக்குத் தெரியும்.”

அவர் அடுப்பை அணைத்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் குரல் தாழ்ந்துதான் வந்தது.

“பிழை ஆருக்கும் வரும். நான் உங்களிட்டக் கேட்டனான். கதிரையில இருந்த அந்த மனுசனுக்கு முன்னால வச்சுக் கேட்டனான்.”

“ஆமா.”

“போய் அவரிட்டயும் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்.”

ஹாலுக்குப் போனேன். அங்கிளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னேன். அவர் பேசுவது எப்போதும் துண்டு துண்டாகத்தான் வரும், நடுநடுவே மூச்சுக்கு நிறுத்துவார்.

“தெரியும். நீர் பின்பக்கம் ஓடினது கேட்டது. அதுக்குப் பிறகுதான் சுவிட்ச் விழாமல் நிண்டது.”

ஏன் அன்ரியிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீர் சொல்லுவீரெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்,” என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். அழக்கூட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அன்று மாலையே அன்ரி என் அறை வாசலில் வந்து நின்று, மாதம் முடிவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நீங்கள் வீட்டில் இருந்தால் நான் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழும்பிப் பார்ப்பேன், என்னால் ஏலாது என்றார். அங்கிள் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

அருகிலிருந்த கிளேட்டனில் மாணவிகள் இருந்த ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு தொட்டியைக் காலி செய்தேன். இலையெல்லாம் கூழாகிவிட்டது. டப்பாக்களைக் கவிழ்த்து மண்ணைக் கையால் பிசைந்து தேடினேன். மூன்றில் ஒன்றுமில்லை. மற்ற மூன்றில் புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிய, கறுத்த, கெட்டியான கிழங்கு இருந்தது. வேரை வெட்டிக் கழுவி, ஈர மணல் போட்ட ஜாம் பாட்டிலில் புதைத்து மூடினேன். வெப்ப நாட்டு அல்லியைக் குளிரில் தூங்க வைக்கும் முறை இது. ஹீட்டர் தேவையில்லை, அதிகக் குளிர் படாத ஓர் அலமாரி போதும். முதலிலேயே படித்திருந்தேன். அப்போது எனக்கு இலையைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும் என்ற ஆசை.

செப்டம்பர் கடைசியில் பாட்டிலைத் திறந்தேன். ஒன்று அழுகி நாறியது. மற்ற இரண்டையும் தண்ணீர் டம்ளரில் போட்டு வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். மூன்றாம் வாரம் ஒன்றின் உச்சியிலிருந்து நூல் மாதிரி ஒரு தளிர் வந்தது. இன்னொன்று நவம்பர் வரை யோசித்துவிட்டு முளைத்தது. ஜனவரியில் முதல் பூ. காலை பத்து மணிக்கு விரிந்து நாலு மணிக்குக் கூம்பும். எனக்கு மதிய ஷிஃப்ட். விரிவதை மட்டும் பார்ப்பேன்.

அந்த மாதம் ஸ்பிரிங்வேலில் ஒரு மருந்துக்கடை வரிசையில் அன்ரியைப் பார்த்தேன். அவர்தான் முதலில் பார்த்தார். அங்கிள் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். இருக்கிறார், இப்போது குளிக்கும்போதும் குழாய் வேண்டியிருக்கிறது என்றார். வீட்டில் அவரோடு யார் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“உங்கட அறைக்கு இப்ப ஒரு படிக்கிற பிள்ளை வந்திருக்கு. வந்த அண்டைக்கே எல்லா வயரையும் எடுத்துக் காட்டச் சொன்னனான்.”

நான் தலையாட்டினேன். அவருடைய முறை வந்தது. மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு கவுன்டர் பக்கம் நகர்ந்தார்.