கியரில் பூட்டிய வண்டி

என் வீட்டுக்காரருக்கு உட்கார வராது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போன் வரும், எழுந்து ஓடுவார். போன் வராத நாளில் வீட்டில் எதையாவது கழற்றுவார். மிக்ஸி ஒழுங்காக ஓடினால் அதுவும் அவருக்குச் சந்தேகம்தான்.

அவர் அந்தப் பெரிய டூரிங் பைக்கை வாங்கியது ஊர் சுற்ற அல்ல, அக்காவுக்காக. நான் அண்ணி என்று கூப்பிடும் என் நாத்தனாரால் கதவு மூடிய எதிலும் ஏற முடியாது. காரோ ரயிலோ, மூச்சு முட்டி, வியர்த்துக் கொட்டி இறங்கிவிடுவார். அண்ணி வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. விருந்தாளிகள் பாடிக்கொண்டேதான் குளிக்க வேண்டும். ஒருநாள் தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது லிஃப்டில் மாட்டிக்கொண்டதில் தொடங்கிய பயம் அது. கரண்ட் போய்விட்டதென்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொன்னார். கரண்ட் போகவில்லை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று பார்க்காமல் மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தவர் இவர்தான். என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

அண்ணியின் மகளுக்குத் தூரத்து ஊரில் குழந்தை பிறந்தது. போனில் முகம் பார்த்து அலுத்துப்போய், "சரிடா, உன் வண்டியிலயே வரேன்" என்று அண்ணி ஒருவழியாக ஒப்புக்கொண்டார். அவர் ஒருமுறை பின்வாங்கினால் நாம் தலைகீழாக நின்றாலும் மறுபடி கிளப்ப முடியாது. குழந்தையைப் பார்க்காமலே இருந்துவிடுவார்.

கிளம்புவதற்கு முதல்நாள் காலை பார்த்துத்தான் வண்டி மக்கர் செய்தது. அந்த வண்டியின் பின்பக்கத்தைத் தாங்குவது காற்று. பின்னால் ஆள் ஏறினால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். சீட்டுக்கு அடியில் இருக்கும் குட்டிக் கம்ப்ரசர் காற்றை ஏற்றித் தூக்கிக் கொடுக்கும். காற்று இல்லாவிட்டால் ஒவ்வொரு பள்ளமும் நேராக இடுப்பில் இறங்கும். அண்ணியின் இடுப்பில் ஆபரேஷன் செய்து தகடு வைத்திருக்கிறது. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை.

எந்த மெஷினானாலும் அசையாமல் பூட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்காரர் கை வைப்பார். வண்டியை கியரில் போட்டு, ஸ்டாண்டை இறக்கி, சக்கரத்துக்குக் கல்லும் கொடுத்தார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. கம்ப்ரசருக்குப் போகும் எர்த் ஒயர் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டினார். பட்டனை அழுத்தினார். சத்தமில்லை.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. கம்ப்ரசருக்குக் கரண்ட் விடும் ரிலேயைக் கழற்றி, ஹாரனுடைய ரிலேயை மாட்டிப் பார்த்தார். பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தார். கம்ப்ரசர் ஜோராக ஓடியது. ஆனால் காற்றை உள்ளே விடும் வால்வு பட்டன் சொன்னால்தான் திறக்குமாம். குழாயில் சோப்புத் தண்ணீர் தடவினார், ஒரு குமிழிகூட வரவில்லை. எல்லாம் நன்றாக இருந்தது, வண்டி மட்டும் வேலை செய்யவில்லை. வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தார். அவர் நடப்பதைப் பார்த்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் பாருங்களேன்."

"சாப்பிட்டா ஓடிடுமா?"

"நீங்க ஓடுறது நிக்கும்."

முறைத்தார். பட்டன் இருக்கும் பலகையையே திருகு திருகாகக் கழற்றத் தொடங்கினார். இந்த மனிதர் கழற்றியதெல்லாம் திரும்ப ஒன்று சேர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. நல்லவேளை, இதை மட்டும் எப்படியோ பழையபடி மாட்டிவிட்டார். அப்போதும் சத்தமில்லை.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணியே நடந்து வந்துவிட்டார். கையில் பை, பையில் குழந்தைக்குப் பின்னிய தொப்பி. தரையில் கிடந்த ஒயர்களைப் பார்த்ததும் முகம் மாறியது.

"முடியலன்னா விட்டுர்றா. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அந்த இன்னொரு நாள் வராதென்று மூன்று பேருக்கும் தெரியும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"உக்காந்து மட்டும் பாருங்க அண்ணி. இடுப்புக்கு ஒத்துக்குதான்னு தெரிஞ்சுக்கலாம்" என்றேன்.

தம்பி கைகொடுக்க, அண்ணி ஏறி உட்கார்ந்தார். லேசாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். வண்டி அசையவில்லை. நெற்றியில் வியர்வை பூத்தது.

"ஏன்டா இப்படிப் பிடிச்சு வச்ச மாதிரி இருக்கு? எடுத்து விடு. பூட்டி வச்சதுல என்னால உக்கார முடியாது."

"கியர்ல இருக்கு, அக்கா. இதோ." கல்லை நகர்த்தி, ஸ்டாண்டை எடுத்து, வண்டியைத் தொடையால் தாங்கிக்கொண்டு நியூட்ரலுக்குத் தட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. கை சும்மா இருக்குமா, பட்டனையும் ஒரு தடவை அழுத்தியது.

கம்ப்ரசர் உறுமியது. வண்டியின் பின்பக்கம் மெதுவாக எழும்பியது, அண்ணியும் அதோடு எழும்பினார்.

ஓடும்போது யாரும் உயரத்தை மாற்றிவிடக் கூடாதென்று, நியூட்ரலில் மட்டும் வேலை செய்யும்படி அந்தப் பட்டனை வைத்திருக்கிறார்கள். இத்தனை நாளும் இவர் கிளம்புமுன் வண்டிமேல் உட்கார்ந்து, நியூட்ரலில்தான் அழுத்தியிருக்கிறார், கவனித்ததில்லை. வியாதி காலையிலேயே அந்த எர்த் ஒயரோடு போய்விட்டது. அதன்பிறகு அன்று முழுக்க நல்ல வண்டிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறார்.

"பூட்டி வச்சுக்கிட்டு நானே தேடியிருக்கேன், அக்கா" என்றார்.

அண்ணி தொப்பியை மடியில் வைத்துச் சுருக்கம் நீவினார்.

"அந்த லிஃப்டையும் நீதான்டா பூட்டின. 'மெயினை ஆஃப் பண்ணியாச்சு'ன்னு மேலேர்ந்து கத்தினது உன் குரல்தானே? உள்ளேர்ந்து கேட்டேன். நீயா ஒரு நாள் சொல்லுவேன்னு பாத்தேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன். அவர் ஸ்டாண்டை இறக்கிவிட்டு, ஒயர்களுக்கு நடுவே தரையில் அப்படியே உட்கார்ந்தார். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. போன் அடித்தது. அவர் எடுக்கவில்லை.

"அழுதது போதும், எந்திரி" என்றார் அண்ணி. "காலைல சீக்கிரம் கிளம்பணும். ராத்திரி மறுபடி கியர்ல போட்டு வைக்காத."