ஹனீபா நானா பூச்சாடி வைக்காத விறாந்தை

ஹனீபா நானா மவுத்தாகிவிட்டார்... இன்று விடிந்ததே இந்த மரணச் செய்தியோடுதான். நேற்றுப் பின்னேரம் கடையில் இருந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டாராம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்குறணைக்காரர், கண்டிக்குக் கிட்ட ஒரு டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தார். டவுன் பெயர் வேண்டாம், எழுதினால் நாளைக்கே எனக்கு டெலிபோன் கோல் வரும்.

சாந்தமான மனிதர் என்றெல்லாம் எழுத மாட்டேன். சரியான முன்கோபி. ஆணி வாங்கப் போனால் ஆணியோடு ஏச்சும் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

அவரை எனக்குத் தெரிய வந்ததே அந்த வேலைத்திட்டத்தால்தான். வீடில்லாமல் டவுனில் படுத்து எழும்புகிறவர்களுக்கு ஊர்க்காரர்களே வழி பார்ப்பது, அரசாங்கம் காசு கொடுப்பது. ஊரில் ஒரு கமிட்டி. அது ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கும் மதிப்பீட்டுக் குழுவில் நான் இருந்தேன்.

எப்படிப் பார்த்தோம் தெரியுமா? தெருவில் படுக்கிறவர்களைத் தொடக்கத்தில் ஒரு தரம், கடைசியில் ஒரு தரம் விடியற்காலையில் போய் எண்ணுவது. ஆள் குறைந்திருந்தால் வெற்றி. எங்கே போனார்கள் என்று கேட்க அதில் இடமே இல்லை.

கமிட்டிக்காரர்கள் விளங்கிக்கொண்டார்கள். வீடு தேடி ஏன் அலைய வேண்டும்? டவுன் அழகுபடுத்தல் என்று சொல்லி, கடை விறாந்தை எல்லாவற்றிலும் பெரிய சீமெந்துப் பூச்சாடிகளை நெருக்கி நெருக்கி வைத்துவிட்டார்கள். ஒரு ஆள் காலை நீட்ட முடியாது.

வைக்க விடாதவர் ஹனீபா நானா மட்டும். பாதிப் பேர் அடுத்த டவுனுக்குப் போக, மிச்சப் பேர் அவருடைய விறாந்தைக்கு வந்துவிட்டார்கள்.

கமிட்டித் தலைவர் பாமசி மருந்துக்கடை வைத்திருக்கிறவர். நான் இருக்கும்போதே நானாவின் கடைக்கு வந்து நின்றார். "நானா, ஒங்க ஒரு கடையால முழு டவுனுக்கும் மார்க்ஸ் கொறையுது. எண்ண வர்ற அன்னைக்கு மட்டும் ஒரு தகரத்த வச்சு மறைச்சிருங்களேன்."

"மறைக்க என்ன, கள்ளச் சாமானா? ஆக்கள் தானே. எண்ணிட்டுப் போகட்டும்."

"பூச்சாடிக்கு சீமெந்து மட்டும் வித்தீங்களே?"

"வித்தன் தான். யாவாரம் வேற, வாசல் வேற."

அந்த விறாந்தையில்தான் செல்லம்மாக்காவும் படுப்பார். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு மண்சரிவில் போன பிறகு டவுனுக்கு வந்து, ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டிபானை கழுவுகிறார். விடியுமுன் வேலை தொடங்கிவிடும். தூரத்தில் வீடு கொடுத்தால் வந்து சேர பஸ் இல்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் டவுனுக்குள் பூட்டுப் போடக்கூடிய ஒரு அறை. அதைப் பற்றிக் கமிட்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நானா ஒவ்வொரு நாளும் காலையில் அவரையும் ஏசுவார். "வெத்தில துப்பினது ஆரு?"

"நான் இல்லீங்க மொதலாளி."

"அப்ப பேயா வந்து துப்பினது?"

ஏசிக்கொண்டே கடைப் பைப்பைத் திறந்துவிடுவார், அவர்கள் முகம் கழுவட்டும் என்று.

இனி எங்கள் லட்சணத்தைக் கேளுங்கள். கடைசித் தரம் எண்ணிக்கொண்டு ஒபீசுக்குப் போனேன். மேலதிகாரி யோசிக்கவே இல்லை. "அது தனியார் எடம் தானே? ஓனர் விருப்பத்தோட தானே படுக்கிறாங்க? அப்ப அவங்க தெருவுல இல்ல. சமூகம் தங்குமிடம் குடுத்திருக்கு."

நான் கத்தினேன். மறுப்பு எழுதிக் கொடுத்தேன், அது பின்னிணைப்பில் எங்கோ கிடக்கிறது. டவுனில் வீடற்றவர்கள் எவருமில்லை என்று ரிப்போர்ட் போய்விட்டது. இப்போது அடுத்த டவுனில் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று வேலைத்திட்டம் அங்கே போகிறது. இந்த டவுன்தான் அவர்களுக்கு முன்மாதிரியாம்.

நானாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "அப்ப என்ட விறாந்த தான் கவர்மென்ட் செஞ்ச வேலையா மிஸ்?"

"ரிப்போர்ட்படி ஆமா நானா."

"அப்ப கூரைல ஒழுகுற தகரத்த மாத்தித் தரச் செல்லுங்க."

பகிடிக்குச் சொல்லவில்லை. நானும் ஒபீசில் கேட்டேன்... பதில் வரவில்லை.

இன்று செல்லம்மாக்காவையும் கூட்டிக்கொண்டு அக்குறணைக்குப் போனேன். பெண்கள் இருந்த பக்கம் போய் உட்கார்ந்தோம். நானாவின் மனைவி "இவ ஆரு?" என்று கேட்டார்.

"நான் மொதலாளி வெராந்தாவுல படுக்கிறவங்கம்மா" என்று செல்லம்மாக்காவே சொன்னார்.

அந்த அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். "ஒங்களயா... இண்டைக்கும் ஏசிட்டு வந்தன் எண்டு வந்து வந்து செல்லுவாரு."

அடக்கிவிட்டு வந்த பிறகு மூத்த மகன் என்னிடம் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "இனி கடைய நான் தான் பாக்கணும் மிஸ். விறாந்தைக்கு டைல்ஸ் அடிச்சு முன்னுக்கு கேட் ஒண்டு போடப் போறோம். பாதுகாப்பா இக்கும்."

யாருக்குப் பாதுகாப்பு என்று கேட்க நாக்கு வரை வந்தது. மையத்து வீட்டில் எப்படிக் கேட்பது?

வெளியே வந்து மேலதிகாரிக்குக் கோல் எடுத்தேன். நாம் எழுதிய தங்குமிடத்துக்குக் கேட் போடப் போகிறார்கள் என்றேன். "ரிப்போர்ட் முடிஞ்சிருச்சு தானே மிஸ்" என்றார். அழுகையை விட எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

இதை பஸ் நிற்கும் ஹோல்ட்டில் நின்று எழுதுகிறேன். பக்கத்தில் செல்லம்மாக்கா பையை அணைத்துக்கொண்டு நிற்கிறார். "கேட்டு எப்பங்க மிஸ் போடுவாங்க?" என்று இரண்டாம் தரம் கேட்டுவிட்டார்.

போய் வாருங்கள் நானா. ஆண்டவன் உங்களுக்கு நல்ல இடம் தரட்டும்.