தேதிக்குத் திருப்பிப் பார்க்கவும்

மொரப்பூர் மெத்தைக்கடை காதர் பாய் காலமானார். தொலைபேசியில் இதை உறுதி செய்தவர் அவருடைய மகன் சலீம். "அத்தா கடைசியாக் கேட்டது, சேலத்துல இருந்து தபால் வந்துச்சான்னுதாங்க" என்றார். வரவில்லை.

அந்தத் தபால், எங்கள் கண் முகாம் சங்கத்துக்கான வரிவிலக்கு உத்தரவு. சங்கத்தின் பொருளாளர் பாய். ஐந்து ஆண்டுகளாக அவர் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்யவில்லை. கேட்டதற்கு, "காசு வந்துச்சு, கண்ணாடியாப் போயிருச்சு. இதுல வருமானம் எங்கங்க இருக்குது?" என்றார். விலக்குச் சான்று இல்லாமல் இந்த ஆண்டு நன்கொடை கிடையாது என்று, வழக்கமாகக் கொடுக்கும் ஆலைக்காரர் சொல்லிவிட்டார். கண்புரையோடு முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள்.

பாய் ஐந்து ஆண்டுச் செலவுச் சீட்டுகளையும் ஒரு தலையணை உறையில் திணித்து, ரயிலேறிச் சேலத்து ஆடிட்டரிடம் கொண்டுபோனார். நானும் உடன் போனேன்.

"ஒண்ணுலயும் தேதி இல்லையே பாய்?"

"திருப்புங்க சார்."

மறுபக்கம் கல்யாணப் பத்திரிகை. உங்களில் பலர் அவர் தைத்த மெத்தையில் படுத்தவர்கள், உங்களுக்குத் தெரியும். பெண்ணுக்குச் சீராக மெத்தை தைக்கச் சொல்லும் வீடெல்லாம் அவருக்குப் பத்திரிகை வைக்கும். மெத்தை போய்ச் சேர்ந்த வாரம் பத்திரிகையின் பின்புறத்தில் சங்கச் செலவை எழுதிவிடுவார். காகிதம் மிச்சம்.

ஆடிட்டர் முகூர்த்தவாரியாக அடுக்கினார். மதியத்துக்குள் அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. "இந்த ஆவணியில ஏன் ஒண்ணுமே காணோம்?"

"அந்த வருஷம் மழை இல்லைங்க சார். யாரு கல்யாணம் பண்ணுவாங்க?"

ஒரு பாலக்கோட்டுப் பத்திரிகையைப் பாயே தடுத்தார். "இது செல்லாதுங்க. பொண்ணுக்கு அம்மை போட்டு, தையில வச்ச கல்யாணம் வைகாசிக்குப் போச்சு." மார்ச்சோடு கணக்காண்டு முடிவதால், செலவு அடுத்த ஆண்டுக்குப் போகவேண்டும். தை என்றே போட்டுவிடலாம், யாருக்குத் தெரியும் என்றார் ஆடிட்டர். "கார்டு பொய் சொல்லலாம் சார். மெத்தை சொல்லாது." அப்படியானால் பெண் வீட்டில் எழுதி வாங்கி வாருங்கள் என்றார் அவர்.

பாலக்கோட்டில் பெண்ணின் தகப்பனார் தக்காளி மண்டிக்காரர். வாசலிலேயே பாய் ஆரம்பித்தார்: "இன்கம்டாக்ஸுக்கு உங்க பொண்ணு கல்யாணத் தேதி வேணுங்க."

மண்டிக்காரர் பாதிக் கதவைச் சாத்தினார். "பாய், மெத்தை மட்டுந்தான் நெசம். நகையெல்லாம் கவரிங்குங்க!"

வீட்டுக்குள்ளிருந்து, ஊருக்கு வந்திருந்த மகளின் குரல்: "கவரிங்காப்பா?"

நகை தங்கம்தான் என்று மகளிடமும், கவரிங்தான் என்று எங்களிடமும் அவர் மாறி மாறிச் சத்தியம் செய்து முடித்தபிறகே எங்களுக்குக் கடிதம் கிடைத்தது.

ஐந்து ஆண்டுக் கணக்கும் தாக்கலாகிவிட்டது. உத்தரவு அடுத்த மாதக் கடைசிக்குள் வரும் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். வந்ததும் முகாம்.

என்னிடம் இருப்பது அந்தப் பாலக்கோட்டுப் பத்திரிகை. பின்புறத்தில், "கண்ணாடி வாங்கியது. தேதிக்குத் திருப்பிப் பார்க்கவும்." அதன் கீழே சிவப்பு மையில், "திருப்பினாலும் நம்பவேண்டாம். வைகாசி."

பொருளாளர் மறைந்ததை வரி அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் கடிதம் ஒன்று பாக்கி. அவருக்கு நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதும் அன்று பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பாத்திஹாவுக்குச் சலீம் கொடுத்த அழைப்பிதழின் பின்புறம் காலியாக இருக்கிறது. தபால் செலவை அதில் எழுதுவேன். தேதி போடப்போவதில்லை.