ஒரு .375 ரைஃபிளும் மூன்று கொட்டேஷனும்

2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. வெளியே முப்பத்தொரு டிகிரி. முதல் நாள் அடித்த தூசிக்காற்று இன்னும் அடங்காமல், மஸ்கட்டின் ரூவி பஸ் நிலையம் ஜன்னல் வழியே பழைய புகைப்படம் போல மங்கித் தெரிந்தது. அர்பாப், அதாவது என் முதலாளி, மணியை இரண்டு தடவை அடித்தார். ஒரு தடவை அடித்தால் டீக்கடைக்காரனுக்கு, இரண்டு தடவை என்றால் எனக்கு. முப்பத்தொரு வருஷமாக அதுதான் கணக்கு.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. சான்சிபாரில் பிறந்து, வாலிபத்தில் குடும்பத்தோடு மஸ்கட் திரும்பியவர். கோபம் வந்தால் அரபி, பாட்டு வந்தால் ஸ்வாஹிலி. என்னிடம் பாதி ஹிந்தி, பாதி ஆங்கிலம். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கணக்கன் என்பதால் "முஹாசிப்". நானும் அவரைப் பெயர் சொன்னதில்லை.

மேஜை மேல் தான்சானியாவிலிருந்து வந்த ஒரு கடிதம் இருந்தது. ஆகஸ்ட் 20 முதல் பத்து நாள் வேட்டை, காட்டெருமை ஒன்று. சிறுவனாக இருந்தபோது அவருடைய தகப்பனார் ஓர் ஆற்றங்கரையில் எருமை சுட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தாராம். அதே ஆறு, அதே கரை. வேட்டை முகாம்காரர் அப்படி எழுதியிருந்தார்.

"இதுதான் கடைசி. அதற்குமேல் கேட்க மாட்டேன்," என்றார்.

அவரிடம் ஏற்கெனவே ஒரு .458 ரைஃபிள் இருந்தது. போன நவம்பரில் இடது கழுத்தெலும்புக்குக் கீழே பேஸ்மேக்கர் வைத்தார்கள். .458 உதைக்கிற உதையை அந்த உடம்பு தாங்காது. எனவே புதிதாக ஒன்று வாங்க வேண்டும்.

"எருமைக்குக் குறையாமலும் எனக்குக் கூடாமலும் இருக்கிற மாதிரி ஒன்று சொல், முஹாசிப்."

நான் கோழி அறுப்பதைக்கூட நின்று பார்த்தவன் அல்ல. ஆனால் எதையும் கட்டம் போட்டு எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். மூன்று நாள் படித்தேன். .458, .416, .375 என்று மூன்று வரிசை. குண்டின் எடை, துப்பாக்கியின் எடை, தோளில் விழும் உதை. .458-க்கு உதை அறுபது அடி-பவுண்டுக்கு மேல். .375-க்கு நாற்பதை ஒட்டி. அந்த நாட்டில் எருமைக்கு .375-க்குக் குறையக் கூடாது என்று முகாம்காரர் கடிதத்திலேயே இருந்தது. சட்டத்தின் கடைசிப் படியும் அவர் தோளின் கடைசிப் படியும் ஒரே இடத்தில் வந்து நின்றன. .375 என்று அடிக்கோடிட்டேன். விமானத்தில் தோட்டா ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது என்பதால் அதையும் கணக்கிட்டு, நாற்பது தோட்டா என்று எழுதினேன்.

"எருமை ஒன்று, தோட்டா நாற்பதா? என்னை அவ்வளவு மட்டமாகவா நினைத்தாய்?"

"பழகுவதற்கும் வேண்டுமே அர்பாப்."

"அதற்கு வேறு வழி இருக்கிறது," என்று சிரித்தார். என்ன வழி என்று நான் கேட்கவில்லை.

முகாமிலேயே ரைஃபிள் வாடகைக்குக் கிடைக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். என் வாயைக் காட்டினார். "வாடகைக்குப் பல் வாங்கி மெல்லுவாயா நீ?" எனக்கு அப்போது மேல்வரிசை முழுவதும் பொய்ப்பல். சொந்தக் காசில் கட்டியது.

அவர் தன் கையாலேயே ஒரு தாளில் தேவைகளை எழுதிக் கொடுத்தார். நான்கே வரி. .375. இருபத்து நான்கு அங்குலக் குழல். மரத்தில் செய்த அடிக்கட்டை. நான்காவது வரியில் வலதுகை போல்ட்.

போல்ட் என்பது தோட்டாவை ஏற்றி இறக்கும் கைப்பிடி. வலதுகைக்காரருக்கு வலப்பக்கம், இடதுகைக்காரருக்கு இடப்பக்கம். அர்பாப் இடதுகைக்காரர். சாப்பாடு வலதில், பேனா இடதில். முப்பத்தொரு வருஷம் அவர் கையெழுத்துப் போட்ட காசோலைகளை அவர் இடது முழங்கைப் பக்கம் நின்று வாங்கியவன் நான். சுவரில் மாட்டியிருந்த படத்திலும் .458 இடது தோளில்தான் இருந்தது. வயசாகிவிட்டது, கை தவறி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். தட்டச்சு செய்யும்போது 'வலது' என்பதை 'இடது' என்று திருத்தினேன். அவரிடம் கேட்கவில்லை. தவறைத் திருத்திவிட்டு முதலாளிக்குத் தெரியாமல் இருந்துவிடுவதுதான் நல்ல கணக்கனுக்கு அழகு என்று அத்தனை காலம் நம்பியிருந்தேன்.

அபுதாபி கடை ஒன்று நான்காம் நாளே பதில் போட்டது. .375 கையிருப்பில் உண்டு, போலீஸ் அனுமதி வந்த மூன்றே வாரத்தில் மஸ்கட்டில். ஆனால் வலதுகை. அதை ஒதுக்கி வைத்தேன். இடதுகைக்குத் துபாய் கடை ஒன்றுதான் ஒத்துக்கொண்டது. தொழிற்சாலைக்கு ஆர்டர் கொடுத்துப் பதினான்கு வாரம்.

ஒரு கொட்டேஷனை வைத்து வாங்கும் வழக்கம் எங்கள் ஆபீசில் இல்லை. எத்தனையோ வருஷத்துக்கு முன் சிமெண்டில் ஏமாந்தபின் அவரே போட்ட விதி அது. குண்டூசி ஆனாலும் மூன்று கொட்டேஷன். ஆகவே மேலும் இரண்டு கடைகளுக்கு எழுதினேன். நடுவில் ரமலான் வந்தது. யாரும் அவசரமாகப் பதில் போடவில்லை.

ஏப்ரலில் அவர் மகள் ஆபீசுக்கு வந்தார். பள்ளி ஆசிரியை. சின்னப் பெண்ணாக என் மேஜையில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்னவர், இன்றும் என்னை அங்கிள் என்பார்.

"அங்கிள், இடது தோளில் துப்பாக்கியே வைக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். உதையில் ஒயர் நகர்ந்துவிடுமாம். பாபா யார் சொன்னாலும் கேட்க மாட்டார். அவருக்கு வலதில் சுடவும் வராது. நீங்கள்..."

அன்றிலிருந்து என் கை மெதுவானது. வந்த கொட்டேஷனில் சரக்குக் கட்டணம் தெளிவாக இல்லை என்று திருப்பி அனுப்பினேன். காப்பீடு சேர்த்ததா சேராததா என்று இன்னொரு கடிதம். பதினான்கு வாரம் என்ற எண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. அவர் தாளில் 'வலது' என்று எழுதியதும், டாக்டர் 'இடது கூடாது' என்று சொன்னதும் ஒரே கோப்பில் இருந்தன. பைசாவுக்குப் பைசா கூட்டத் தெரிந்தவனுக்கு அந்த இரண்டையும் கூட்டத் தெரியவில்லை.

மே கடைசியில் மூன்றாவது கொட்டேஷன் வந்தது. ஒரு பக்கச் சுருக்கம் தயாரித்தேன். விலை, எடை, வரும் நாள். போல்ட் எந்தப் பக்கம் என்ற கட்டமே அதில் இல்லை. தெரிந்ததை எதற்கு எழுதுவது?

"பதினான்கு வாரமா? துப்பாக்கியா செய்கிறார்கள், கப்பலா?"

"தொழிற்சாலையில் அப்படித்தானாம்."

"மூன்று கொட்டேஷன் வாங்கினாயா?"

"வாங்கினேன்."

"என் விதி என்னையே பிடித்துக்கொண்டது. கலாஸ், முடிந்தது," என்று இடது கையால் கையெழுத்துப் போட்டார். ஜூன் 11, ஞாயிறு. செப்டம்பர் 17-இல் வரும். தான்சானியா பயணம் அக்டோபர் 5-க்குத் தள்ளிப்போனது. முகாம்காரருக்கு எழுதிய கடிதத்தில், அந்த மாதம் ஆற்றில் தண்ணீர் இருக்குமா என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்.

ரைஃபிளுக்கு உறை மட்டும் கடையில் வாங்க வேண்டாம், ரூவியில் நம் தமிழ் டெய்லரிடம் தைக்கலாம் என்றார். நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளம், கான்வாஸ், உள்ளே பஞ்சு, தோள்வார். ஜிப் இடப்பக்கம் திறக்க வேண்டும் என்று அளவுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 6, புதன்கிழமை. விடியற்காலைத் தொழுகைக்கு அவர் எழுந்து வரவில்லை. தூக்கத்திலேயே போய்விட்டார். அன்று மதியத்துக்குள் அடக்கம் முடிந்தது. நாற்பத்தொரு டிகிரி வெயிலில் ஆண்கள் வரிசையாக மண் தள்ளினார்கள். எனக்கும் ஒரு மண்வெட்டி கொடுத்தார்கள். நான்கு தடவை தள்ளினேன். ரைஃபிள் வர இன்னும் பதினொரு நாள் இருந்தது.

அடுத்த வாரம் டெய்லர் போன் செய்தார். உறை ரெடி. அர்பாபின் டிரைவர்தான் என்னைக் கூட்டிப்போனார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், பதினெட்டு வருஷமாக அர்பாபின் வண்டியை ஓட்டியவர்.

உறையை மேஜையில் விரித்தார் டெய்லர். நல்ல வேலை. இரட்டைத் தையல். ஆனால் ஜிப் வலப்பக்கம் இருந்தது.

"இடது பக்கம்னு எழுதிக் குடுத்தேனே," என்றேன். என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

"எழுதியிருந்தீங்கய்யா. ஆகஸ்ட்ல இந்த அண்ணன்தான் வந்து மாத்தச் சொன்னாரு. முதலாளியே சொன்னாருன்னு. அதான் பிரிச்சுத் தெச்சேன்."

டிரைவரைப் பார்த்தேன். அவர் கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே. அர்பாப்தான் சொல்லச் சொன்னாரு. சீட்டைப் பாத்துட்டு, 'முஹாசிப் பழைய ஞாபகத்துல எழுதிட்டான், நீயே போய் மாத்திடு'ன்னாரு."

"அவர் இடதுகைக்காரரய்யா!"

"அது முன்னாடிண்ணே. ஏப்ரல்லேர்ந்து வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை பர்க்காவுல இருக்கற அவரு தோட்டத்துல வலது தோள்ல வச்சுத்தான் பழகிக்கிட்டிருந்தாரு. புறா சுடுற காத்துத் துப்பாக்கி. பெப்சி டின்னை முப்பதடி தள்ளி நான்தான் அடுக்கி வைப்பேன். மொதல்ல பத்துக்கு ரெண்டுகூட விழல. என்னைப் பாத்து, 'சிரிக்காதடா, உன் கல்யாணத்தன்னிக்கு நீ மட்டும் ஒழுங்கா நடந்தியா'ம்பாரு. போன மாசம் பத்துக்கு எட்டு."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"டாக்டர்தானேண்ணே சொன்னாரு. வலதுன்னா போகலாம், சின்ன உதையா வாங்கிக்கன்னு. காயிதமே இருக்கு, வண்டி டேஷ்போர்டுல."

"என்கிட்ட ஏன்யா சொல்லல?"

"சொல்லாதேன்னாரு. 'மக காதுக்குப் போயிடும். ரைஃபிள் வரட்டும், முஹாசிப்பைத் தோட்டத்துக்குக் கூட்டிட்டு வா, அவன் முன்னாடி சுட்டுக் காட்டறேன். விழுந்ததை அவனே எண்ணட்டும்'னாரு." பிறகு, "அபுதாபியிலயே கெடைக்கும்னு நெனச்சிருந்தாரு பாவம். ஏன்ணே அவ்வளவு நாளாச்சு?"

மூன்று கொட்டேஷன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான்.

அபுதாபியிலிருந்து அது ஏப்ரலில் வந்திருக்கும். அனுமதி தாமதமானால் மே. ஆகஸ்ட் 20 அன்று அவர் அந்த ஆற்றங்கரையில் இருந்திருப்பார். ஆகஸ்ட் 20-இலிருந்து செப்டம்பர் 6 வரை பதினேழு நாள். பத்து நாள் வேட்டை முடிந்து, வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் சொல்லிக்காட்ட ஏழு நாள் மிஞ்சியிருக்கும். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை.

துபாய் கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்துகொண்டு, இடதுகை ரைஃபிளை வேறு யாருக்கோ விற்றுக்கொள்வதாக எழுதினார். மகளிடம் டாக்டர் காகிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

உறை என் அறையில், கதவுக்குப் பின்னால் நிற்கிறது. உள்ளே ஒன்றுமில்லாததால் நடுவில் மடங்கிச் சாய்ந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒரு தடவை நிமிர்த்தி வைக்கிறேன். அதன் ரசீதை ஆபீஸ் கணக்கில் எழுதவில்லை, என் பையிலிருந்தே கொடுத்தேன். கான்வாஸும் பஞ்சும் நான்கு ரியால், ஜிப்பும் கொக்கியும் ஒன்றரை, ஜிப்பைப் பிரித்து வலப்பக்கம் மாற்றியது உட்படத் தைகூலி ஏழு. ஆகப் பன்னிரண்டு ரியால் ஐந்நூறு பைசா.