முன்வரிசையில் அழுகிறவள்

கானா நாட்டுக் குமாசி நகரில் சாவு வீட்டில் படம் எடுக்க என்றால் ஒஃபோரிவாதான். பதினைந்து வருடச் சாவுகளில் கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டியதால், திங்கட்கிழமை புது ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒவ்வொரு ஃபோல்டராக அதற்கு மாற்ற உட்கார்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் இறந்தவர் பெயர்.

படங்கள் ஏறும்வரை சும்மா இருக்க முடியாமல் புரட்டிப் பார்த்தாள். ஒரு முகம் திரும்பத் திரும்ப வந்தது. முன்வரிசை, கறுப்புத் துணி, பெரிய பித்தளைக் கம்மல், தலையில் கைவைத்து அழுகை. வேறு வேறு குடும்பங்களின் சாவு. அழுகிறவள் மட்டும் ஒருத்தி. யார் இவள்? ஓசிச் சோற்றுக்கு யாராவது இவ்வளவு அழுவார்களா? வாரம் முழுக்க மண்டையைக் குடைந்தது.

சனிக்கிழமை சாவுப் பந்தலில் அதே கம்மல்.

"அக்கா, செத்தவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"யாருன்னே தெரியாது. நீ படம் எடுக்குற இடத்துக்கெல்லாம் வந்துடுவேன்."

"எதுக்கு?"

"நான் போனா ரோட்டுல போஸ்டர் வைப்பாங்கல்ல? என் பிள்ளைங்க அடையாள அட்டைப் படத்தைப் போட்டு மானத்தை வாங்கிடுவாங்க. உன்கிட்ட நல்லதா ஒண்ணு இருக்கட்டும்னுதான்."

"அடக் கொடுமையே! எல்லாத்துலயும் அழுதுல்ல வச்சிருக்கீங்க!"

"சாவு வீட்டுல சிரிச்சா உதைக்க மாட்டாங்களா?" என்றவளுக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பந்தலே திரும்பி முறைத்தது. ஒஃபோரிவா விடவில்லை, எடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, டிஸ்கில் அந்தப் படத்துக்குத் தனி ஃபோல்டர் திறந்தாள். அக்காவின் பெயரைக் கேட்டுத்தான் வைத்திருந்தாள். ஆனால் அதில் இருப்பதெல்லாம் செத்தவர்கள் பெயர். அடிக்கக் கை வரவில்லை.

கொஞ்சம் யோசித்து, "இன்னும் போகவில்லை" என்று அடித்தாள்.